"பரவாயில்லை" என்பது ஓர் அளவு ஆகுமா?



தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த ஊர் மேலநீலிதநல்லூர். ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் ஒரு கல்லூரியும் உள்ள ஊர். சித்திரை மாதத்தில் அங்கே அடிக்கும் வெயிலைப் பற்றித் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் ஐம்பது வயதுள்ள விவசாயி ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மலக்குடலில் புற்றுநோய் கண்டு, பெரிய மருத்துவமனையில் அறுவை செய்து கொண்டு பிழைத்தவர் அவர். இப்போது அவருடைய வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு சிறிய திறப்பு இருக்கிறது. சிறுகுடலின் ஒரு பகுதியை அதன் வழியே வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். கழிவு அந்த வழியாக வெளிவந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் ஒரு பையில் சேருகிறது.

மாதம் ஒருமுறை அவர் பஸ் பிடித்து டாக்டரிடம் போகிறார். வரிசையில் அவருக்கு முன்னால் நாற்பது பேர். அவர் முறை வருகிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்கிறார். "பரவாயில்லை ஐயா" என்கிறார் இவர். அடுத்தவர் உள்ளே நுழைகிறார்.

ஆனால் அந்தப் பையின் அடியில், இரண்டு விரற்கடை அகலத்துக்குத் தோல் வெந்து கிடக்கிறது. இரவில் எரிச்சல் தாங்காமல் அவர் விழித்துக் கிடக்கிறார். கழிவு குறையட்டும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பை கழன்றுவிடுமோ என்ற அச்சத்தில் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை.

அவர் பொய் சொன்னாரா? இல்லை. "வயிற்றில் பை இருந்தால் தோல் இப்படித்தான் இருக்கும்" என்று அவர் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கை தவறு. ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோல், உடலின் மற்றத் தோலைப் போலவே புண்ணில்லாமல் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அப்படி இருக்கவும் முடியும்.

இந்தக் கட்டுரையில் நான் வாதிடப் போவது ஒன்றே ஒன்றுதான். இத்தகைய நோயாளியிடம் கேட்டால் மட்டும் போதாது. தோலைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எண்ணாக எழுத வேண்டும். நம் மக்களின் தோல் நிறத்தை அறிந்த கண்ணோடு பார்க்க வேண்டும். இவற்றை எல்லாம் நோயாளியின் ஊரிலேயே செய்ய வேண்டும்.

வயிற்றில் ஒரு வாய்

"ஸ்டோமா" என்பது கிரேக்கச் சொல். "வாய்" என்று பொருள். குடலையோ சிறுநீர்ப் பாதையையோ வயிற்றின் மேல்பரப்பில் திறந்துவிடும்போது உண்டாகும் வாய்க்கு இந்தப் பெயர். பெருங்குடலைத் திறந்தால் கொலாஸ்டமி; சிறுகுடலின் கடைப்பகுதியைத் திறந்தால் இலியாஸ்டமி; சிறுநீருக்கென்று திறந்தால் யூராஸ்டமி. புற்றுநோய்க்கு மட்டும்தான் இதைச் செய்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். டைபாய்டு காய்ச்சல் முற்றிக் குடல் ஓட்டையானவர்கள், குடலில் காசநோய் கண்டவர்கள், விபத்தில் வயிறு சிதைந்தவர்கள், மலவாய் இல்லாமலே பிறந்த குழந்தைகள் ஆகிய பலருக்கும் இது உயிர் காக்கும் வழி. 1793ஆம் ஆண்டிலேயே டியூரே என்னும் பிரெஞ்சு மருத்துவர், மலவாய் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்கு இந்த அறுவையைச் செய்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது.

ஸ்டோமா பார்ப்பதற்குக் கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். ஒரு வியப்பு என்னவென்றால், அதைத் தொட்டாலோ வெட்டினாலோகூட வலிக்காது. வலியை உணரும் நரம்புகள் அங்கே இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள தோலில் அந்த நரம்புகள் நிறைய உண்டு. துன்பம் முழுவதும் அந்தத் தோலில்தான்.

தோல் ஏன் வேகிறது?

நமது தோலின் மிக வெளிப்புறத்தில் இறந்த செல்களால் ஆன ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் அதன் தடிமன் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். அவ்வளவுதான் நமக்கும் வெளி உலகுக்கும் இடையே உள்ள சுவர்! இந்தச் சுவர் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் மதிப்பு 5ஐ ஒட்டி இருக்கும்.

இனி, சிறுகுடலிலிருந்து வரும் கழிவை எடுத்துக் கொள்ளுங்கள். அது கஞ்சி போல நீர்த்திருக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வெளிவரும். அதில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளும், கொழுப்பைச் செரிக்கும் நொதிகளும், பித்த உப்புகளும் உயிர்ப்போடு இருக்கும். தோலும் புரதத்தால் ஆனதுதானே? பருப்பைச் செரிக்கும் நொதிக்குப் பருப்பு வேறு, தோல் வேறு என்று தெரியாது. கழிவு தோல்மேல் தங்கினால் அது தோலையே செரிக்கத் தொடங்கிவிடும்.

உடல் முழுமையாக உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெருங்குடல் நீரை உறிஞ்சிக் கொள்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நொதிகளைச் சிதைத்துவிடுகின்றன. ஆகவே, கொலாஸ்டமி உள்ளவரைவிட இலியாஸ்டமி உள்ளவருக்குத் தோல் கெடும் வாய்ப்பு அதிகம் என்று நீங்களே ஊகித்துவிடலாம் அல்லவா? ஊகம் சரிதானா என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

இந்தத் தோலைக் காப்பாற்றப் பலர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். 1952இல் பிரையன் புரூக் என்னும் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், குடலின் நுனியைச் சட்டைக்கை மடிப்பது போல வெளிப்புறமாக மடித்துத் தைத்தார். ஸ்டோமா தோலோடு ஒட்டிக் கிடக்காமல் குழாய் மூக்குப் போல எழும்பி நின்றது. கழிவு தோலில் வழியாமல் பைக்குள் விழுந்தது. 1954இல் எலிஸ் சோரன்சன் என்ற டென்மார்க் நாட்டுச் செவிலியர், அறுவைக்குப் பின் வெளியே போகவே அஞ்சிய தம் சகோதரிக்காக, வயிற்றில் ஒட்டிக் கொள்ளும் பையை வடிவமைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையைச் சேர்ந்த ரூபர்ட் டர்ன்புல், தோலுக்கும் பைக்கும் இடையே கராயா என்னும் பிசின் பொடியைப் பயன்படுத்தினார். பல்செட்டை ஈறில் ஒட்டவைக்கப் பயன்பட்ட பொடி அது. அந்தப் பிசின் எங்கிருந்து போனது தெரியுமா? நமது இந்தியக் காடுகளில் வளரும் ஸ்டெர்குலியா யூரென்ஸ் என்னும் மரத்திலிருந்து! காட்டில் வாழும் மக்கள் மரத்தைக் கீறி எடுத்த பிசின், கடல் கடந்து போய் எங்கோ ஒருவரின் தோலைக் காத்தது. இன்று அதன் இடத்தைப் பெக்டின், ஜெலட்டின், கார்பாக்சி மெதில் செல்லுலோஸ் கலந்த தட்டுகள் பிடித்துக் கொண்டன.

பை வந்தது, பிசின் வந்தது, தட்டு வந்தது. ஆனாலும் தோல் கெடுவது நின்றபாடில்லை. ஏன்?

ஓர் ஆய்வு சொன்ன உண்மை

டென்மார்க்கில் நிரந்தர ஸ்டோமா உள்ள 202 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவுகளை 2006இல் வெளியிட்டார்கள். இலியாஸ்டமி உள்ளவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், யூராஸ்டமி உள்ளவர்களில் 48 பேருக்கும், கொலாஸ்டமி உள்ளவர்களில் 35 பேருக்கும் தோல் கெட்டிருந்தது. மேலே நீங்கள் செய்த ஊகம் சரிதான்! கெட்ட தோல்களில் நூற்றுக்கு 77க்குக் காரணம் கழிவு தோலில் படுவதே.

ஆனால் அந்த ஆய்வின் மிக முக்கியமான எண் இவை எதுவும் அல்ல. தோல் கெட்டிருப்பதாகப் பரிசோதகர்கள் கண்டவர்களில், "ஆமாம், எனக்குத் தோலில் கோளாறு இருக்கிறது" என்று ஒப்புக் கொண்டவர்கள் நூற்றுக்கு 38 பேர்தாம். மருத்துவ உதவி தேடாதவர்களோ நூற்றுக்கு 80க்கும் மேல்!

மருத்துவ வசதி நிறைந்த டென்மார்க்கிலேயே இந்த நிலை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. மெல்ல மெல்ல வரும் துன்பத்துக்கு மனிதன் பழகிவிடுகிறான் என்பதே இதன் பொருள். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. வயிறு சற்றே முன்தள்ளியவர் குனிந்து பார்த்தால் ஸ்டோமாவின் மேல்பாதிதான் கண்ணுக்குத் தெரியும். கழிவு வழிவதோ கீழ்ப்பாதியில். எந்த இடம் முதலில் கெடுகிறதோ, அந்த இடம்தான் அவர் கண்ணுக்கு எட்டாத இடம்! கண்ணாடி பிடித்துப் பார்க்க யாராவது சொல்லித் தந்தால்தான் உண்டு.

ஆகவே, "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வியை மட்டும் நம்பிச் செய்யும் வைத்தியம், பாதிக்கு மேற்பட்டவர்களைத் தவறவிடும்.

சொல் வேறு, அளவு வேறு

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கையில் கொசு கடித்துத் தடித்த இடத்தை மூன்று நண்பர்களிடம் தனித்தனியே காட்டுங்கள். அதை விவரித்து எழுதச் சொல்லுங்கள். ஒருவர் "லேசான தடிப்பு" என்பார். இன்னொருவர் "பெரிய வீக்கம்" என்பார். மூன்றாமவர் "ஒன்றும் இல்லை" என்பார். இப்போது அவர்களிடம் ஓர் அளவுகோலைக் கொடுத்து, தடிப்பின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று விடைகளும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அளவு என்பதன் பெருமை இதுதான். பார்ப்பவர் மாறினாலும் அது மாறாது. நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிடவும் உதவும்.

ஸ்டோமாவைச் சுற்றிய தோலுக்கும் இப்படி ஓர் அளவுமுறை உண்டு. மேற்சொன்ன ஆய்வுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் டென்மார்க்கிலேயே உருவானது அது. மூன்று கேள்விகளைக் கொண்டது. ஒன்று, தோலின் நிறம் மாறியிருக்கிறதா? இரண்டு, தோல் அரிக்கப்பட்டுப் புண்ணாகியிருக்கிறதா? மூன்று, வேண்டாத சதை வளர்ந்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும், ஒட்டும் தட்டு மறைக்கும் இடத்தில் எவ்வளவு பரப்பு கெட்டிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 3 வரையிலும், எவ்வளவு கடுமை என்று பார்த்து 0 முதல் 2 வரையிலும் மதிப்பெண் இடுவார்கள். கால் பங்குக்குக் குறைந்த பரப்புக்கு 1. கால் முதல் அரைப் பங்கு வரை 2. அரைக்கு மேல் 3. ஆக ஒரு கேள்விக்கு அதிக அளவு 5. மூன்றுக்கும் சேர்த்து 15. பள்ளித் தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. இங்கே சுழி வாங்கியவரே முதல் மாணவர்!

நமது விவசாயியின் தோலுக்கு மதிப்பெண் இட்டுப் பார்ப்போம். நிற மாற்றம் கால் பங்குக்கு மேல், எரிச்சலோடு: 2 கூட்டல் 2. மேல்தோல் அரிப்பு கால் பங்குக்குக் கீழ், ஆழமில்லை: 1 கூட்டல் 1. சதை வளர்ச்சி இல்லை: 0. மொத்தம் 6. இந்த 6 என்ற எண்ணை அவருடைய சீட்டில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வேறொரு டாக்டர் பார்த்தாலும் ஒப்பிட முடியும். 2 ஆகியிருந்தால் செய்த வைத்தியம் சரி. 8 ஆகியிருந்தால் வழியை மாற்ற வேண்டும். "பரவாயில்லை" என்ற சொல்லைக் கொண்டு இப்படி ஒப்பிட முடியுமா?

இத்தாலியில் உருவான வேறொரு முறையில், ஸ்டோமாவை மையமாக வைத்து நான்கு கால்வட்டங்களாகப் பிரித்துக் கொண்டு, புண் எந்தக் கால்வட்டத்தில் என்றும் குறிப்பார்கள். நீங்கள் படிக்கும் வடிவக் கணிதம் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்!

"சிவப்பு" என்ற சொல்லின் சிக்கல்

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில், தோல் அழற்சியின் முதல் அடையாளம் "சிவத்தல்" என்று எழுதியிருக்கும். வெள்ளைத் தோலில் அது சரி. நமது கறுத்த, மாநிறத் தோலில்? இரத்தம் கூடுதலாகப் பாய்ந்தாலும், மெலனின் என்னும் நிறமி அந்தச் சிவப்பை மறைத்துவிடும். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா கலந்தோ, சாம்பல் படிந்தது போலவோ தெரியும். புண் ஆறிய பிறகு வெளுத்துப்போன தழும்பாகவும் நிற்கும்.

தோல் நிறத்தை வகைப்படுத்தும் புகழ்பெற்ற அளவை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்தார். முதலில் அதில் இருந்தவை வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள் மட்டுமே. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கு உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகே சேர்க்கப்பட்டன. உலகத்தின் பெரும்பகுதி மக்கள் "பிற்சேர்க்கை" ஆனார்கள்! இது யாரோ வேண்டுமென்று செய்த சதி அன்று. தம் எதிரில் இருப்பவரைப் பார்த்துத்தான் எவரும் அளவுகோல் செய்வார். ஆகவே, நம் எதிரில் இருப்பவர்களுக்கு ஏற்ப அதைத் திருத்திக் கொள்வது நம் கடமை.

வழி எளியது. சிவப்பைத் தேடாதீர்கள், வேறுபாட்டைத் தேடுங்கள். வயிற்றின் மறுபக்கத்தில், பை ஒட்டாத இடத்தில், அதே மனிதரின் நல்ல தோல் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒப்பிடுவதற்கென்று ஒரு சோதனைக் குழாயைத் தனியே வைப்பீர்களே, அதைப் போன்றது அது. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிட வேண்டும். விரலால் தடவிக் கடினத்தை ஒப்பிட வேண்டும். எரிகிறதா, அரிக்கிறதா, வலிக்கிறதா என்று பெயர் சொல்லித் தனித்தனியே கேட்க வேண்டும். முன்சொன்ன டென்மார்க் அளவுமுறையின் புதிய வடிவம் 2022இல் வெளிவந்தபோது, நோயாளி தாமே உணரும் இத்தகைய குறிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். நல்ல திருத்தம்.

தோல் எழுதும் எழுத்து

எண் மட்டும் போதுமா? போதாது. எவ்வளவு கெட்டது என்பதை எண் சொல்லும்; எதனால் கெட்டது என்பதை வடிவம் சொல்லும். துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

புண் ஸ்டோமாவின் ஓரத்தை ஒட்டி, முக்கியமாகக் கீழ்ப்புறத்தில் இருந்தால் குற்றவாளி கசிவு. தட்டில் வெட்டிய துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். அறுவை முடிந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமாவின் வீக்கம் வடிந்து சுருங்கும். முதல் நாள் அளந்த துளையையே தொடர்ந்து வெட்டிக் கொண்டிருந்தால், இடைவெளியில் கழிவு தங்கும். துளை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். நமது விவசாயியின் துன்பத்துக்கு மருந்து ஓர் அளவு அட்டையும் கத்தரிக்கோலுமாகவே இருக்கலாம்!

தோல் கெட்ட இடம், ஒட்டும் தட்டின் வடிவத்தை அப்படியே வரைந்தது போல இருந்தால் ஒவ்வாமை என்று சந்தேகிக்க வேண்டும். நடுவே ஈரமான திட்டும், சுற்றிலும் கடுகு சிதறியது போன்ற புள்ளிகளும், கடும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சை. வியர்வை தேங்கும் நமது வெயில் காலத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தட்டை வெடுக்கென்று உரித்தெடுப்பவர்களுக்கு மேல்தோல் பட்டையாகப் பிய்ந்திருக்கும். மயிர்க்கால்தோறும் சிறு கொப்புளங்கள் இருந்தால், மழித்ததாலோ பிடுங்கியதாலோ வந்த கிருமித் தொற்று. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கசிவால் வந்த புண்ணுக்குப் பூஞ்சை மருந்தைத் தடவினால் என்ன பயன்?

இப்படிப் பார்ப்பதை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தவர் நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் டாக்டருமல்லர், நர்ஸுமல்லர். 1954இல் தாமே இலியாஸ்டமி செய்து கொண்ட நோயாளி. தம்மைப் போன்றவர்களுக்கு உதவ 1958இல் டர்ன்புல்லுடன் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார். 1961இல் இருவரும் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் ஸ்டோமா உள்ளவர்களுக்கான சங்கம் ஒன்று 1975இல் மும்பையில் தோன்றியது. ஆனால் மும்பை எங்கே, மேலநீலிதநல்லூர் எங்கே?

புற்றுமண்ணும் தேங்காயெண்ணெயும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவிலின் புற்றுமண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோல் நோய்களுக்கு அது நல்லது என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கையை இழித்துப் பேசுவது என் நோக்கமன்று. நெற்றியில் இட்டுக் கொள்வது பக்தி. ஆனால் தோல் பிய்ந்த புண்ணில் மண்ணைத் தடவுவது வேறு விஷயம். எந்த மண்ணிலும் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். புண் அவற்றுக்குத் திறந்த கதவு.

தேங்காயெண்ணெய், மஞ்சள், முகப்பவுடர் ஆகியவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. அவை தடவிய தோலில் தட்டு ஒட்டாது. ஒட்டாவிட்டால் கசியும்; கசிந்தால் புண் பெரிதாகும்; எரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுவார்கள். செக்குமாடு போல அதே வட்டத்தில் சுற்ற வேண்டியதுதான். கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீரே போதும். துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தினால் சரி. பையின் விலையை எண்ணி, கசியும் தட்டை இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பை எளிதாகக் கிடைக்கச் செய்வதே அதற்கு விடை.

யார் பார்ப்பது?

"கிராமத்தில் இதையெல்லாம் பார்க்க யார் இருக்கிறார்கள்? செவிலியர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் விடை இது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு வீடு தேடி மருந்து தருவதோடு, படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த் தணிப்புச் சேவை, இயன்முறைச் சிகிச்சை, வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகள் ஆகியவையும் அதில் இடம்பெற்றன. வயிற்றில் குழாய் உள்ளவருக்கு வீட்டு வாசலில் உதவி தரலாம் என்று ஏற்றுக் கொண்ட பிறகு, வயிற்றில் ஸ்டோமா உள்ளவரை மட்டும் ஏன் விட வேண்டும்? பை மாற்றும் நாளில் ஒருமுறை பார்த்து, மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண் எழுத ஐந்து நிமிடம் ஆகும். ஓர் அளவுகோலை அருகில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், எண் கூடியவர் மட்டும் பஸ் ஏறினால் போதும். மற்றவர்கள் அன்றையக் கூலியை இழக்க வேண்டாம்.

"இப்படிப்பட்ட நோயாளிகள் ஒன்றியத்துக்கு நாலு பேர் இருப்பார்களா? அவர்களுக்காக ஒரு திட்டமா?" என்பது அடுத்த கேள்வி. நீரிழிவுக்காரருக்குத் தெருவிலேயே பத்துத் தோழர்கள் உண்டு. எந்த டாக்டர் நல்லவர், எந்தச் செருப்பு நல்லது என்று திண்ணையில் பேசிக் கொள்வார்கள். ஸ்டோமா உள்ளவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் தம் மனைவியிடம்கூடச் சொல்லக் கூசுகிறார். எண்ணிக்கை குறைவு என்பதே அவர்களைத் தேடிப் போக வேண்டியதற்குக் காரணம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாணவர்களாகிய நீங்கள் வைத்தியம் செய்யப் போவதில்லை; செய்யவும் கூடாது. ஆனால் உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒருவர் இருந்தால், முகம் சுளிக்காமல் அருகில் உட்காரலாம். கண்ணாடி பிடித்துக் கீழ்ப்பாதியைப் பார்க்கும் வழியைச் சொல்லலாம். துளையை அளக்க உதவலாம். பையை மாற்றிய தேதியையும் கசிந்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதித் தரலாம். நன்கு வைத்த ஒரு பதிவேடு, "பரவாயில்லை" என்ற சொல்லைவிட டாக்டருக்கு நூறு மடங்கு பயன்படும். ஸ்டோமா கறுத்துப் போனாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ, கழிவு வருவது நின்று வயிறு உப்பினாலோ, நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நாளை டாக்டர்களாகவும் செவிலியர்களாகவும் வருவீர்கள். அன்று ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்து, "பரவாயில்லை ஐயா" என்றோ, "பரவாயில்லை தாயி" என்றோ சொல்லுவார். வரிசையில் நாற்பது பேர் காத்திருப்பார்கள். அப்போது அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்று, "சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கள், பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அறிவியல் என்பது பார்ப்பதில் தொடங்குகிறது.